சங்கரன்கோவில்காரர் வீட்டுப் பாம்பு

ஆவுடையப்பன் அண்ணாச்சி நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதைப் படித்து முடித்ததும் அவரைத் திட்டுவீர்கள். பாலங்களுக்குக் கணக்குப் போடுகிற என்ஜினீயர். டவுன்டவுனில் ஒரு கம்பெனியில் வேலை. பனி கொட்டினால் யாரும் சொல்லாமலே கட்டடத்து வாசல் முழுக்கச் சுரண்டித் தள்ளிவிட்டுத்தான் பஸ் ஏறுவார். கீழ்வீட்டில் இருக்கிற நான் ஆஸ்பத்திரியிலிருந்து சோர்ந்து வந்தால், "டாக்டரம்மா, கோமதி உப்புமா கிண்டியிருக்கா, மேல வந்து சாப்பிட்டுப் படுங்க" என்று கதவைத் தட்டுவார். ஆனால் அந்த வாய் இருக்கிறதே, அந்த வாய்!

எக்ஸ்போ கண்காட்சி நடந்த அறுபத்தேழாம் வருஷம் மொன்ட்ரியாலில் வந்து இறங்கியவர். அப்போது இந்த ஊரில் தமிழ் பேசுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்தியா என்றால் என்னவென்று தெரியாத ஆபீஸில் இவர்தான் இந்தியா. டைப் அடிக்கிற பெண்கள் கையை நீட்டினார்கள். இவர் ரேகை பார்த்தார். யாரிடமாவது கற்றாரா? ஒன்றும் கிடையாது. இந்தியாவில் பிறந்தாலே கைரேகை தெரியும் என்று அவர்கள் நினைத்தார்கள், இவர் நினைக்கவிட்டார். யானை, யோகா, மூலிகை, எதைக் கேட்டாலும் அளந்துவிடுவார். கோமதி மதினி தலையில் அடித்துக்கொள்வாள். "இவரு பேச்சக் கேட்டா நாங்க என்னமோ காட்டுக்குள்ள குடித்தனம் பண்ண மாதிரில்ல இருக்கு" என்பாள்.

புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் சொந்த ஊர் சங்கரன்கோவில். அந்த ஊர்க் கோயிலில் புற்றுமண்தான் பிரசாதம். வீட்டில் பாம்பு வந்துவிட்டால் வெள்ளியில் சின்ன நாகம் வாங்கி உண்டியலில் போடுவார்கள். இதை ஒருநாள் மதியச் சாப்பாட்டு மேஜையில், தயிர்சாதத்துக்கு நடுவே அவிழ்த்துவிட்டிருக்கிறார். சும்மா அவிழ்த்தாரா? பாம்பு எங்கள் மடியில் வந்து படுக்கும், நாங்கள் குழந்தையிலிருந்தே கையில் எடுத்து வளர்ப்போம், எங்களைக் கடிக்காது என்று சேர்த்துக்கொண்டார். உண்மையில் இந்த மனிதர் ஊரில் ஓலைப்பாம்பைக் கண்டாலே பெஞ்சில் ஏறி நிற்பாராம். மதினி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் லுசியான். வரைபடம் போடுகிறவர். எழுபத்து மூன்றாம் வருஷம் ஜனவரியில் அவருக்கு வடக்கே ஜேம்ஸ் பே அணைக்கட்டு வேலைக்கு மாற்றல் வந்தது. அவர் திரும்பும்வரை மனைவியும் மகளும் மனைவியின் தங்கை வீட்டில் இருக்கவேண்டும். மகள் மிரேய்க்குப் பதினோரு வயது. அவளிடம் ஒரு பாம்புக்குட்டி இருந்தது. அந்தத் தங்கை, பாம்பு வந்தால் நான் வெளியே போகிறேன் என்று சொல்லிவிட்டாளாம். லுசியான் நேரே அண்ணாச்சி மேஜைக்கு வந்தார்.

"அப்பன், நீதான் பாம்போடு வளர்ந்தவன் ஆயிற்றே. நாங்கள் திரும்பி வரும்வரை வைத்துக்கொள்வாயா?"

அங்கேயே, "ஐயா, சும்மா சொன்னேன்" என்று சிரித்து மழுப்பியிருக்கலாம். சுற்றி அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கொண்டு வா, அதற்கென்ன" என்றுவிட்டார்.

அவர்கள் வந்தபோது நானும் மேலேதான் இருந்தேன். எனக்குப் பிரெஞ்சு கொஞ்சம் வரும் என்று அண்ணாச்சி கூப்பிட்டிருந்தார். அந்தக் குளிரில் மிரேய் ஒரு துணிப்பையைக் கோட்டுக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்துக் கொண்டுவந்திருந்தாள். கண்ணாடித் தொட்டியையும் விளக்கையும் லுசியான் தூக்கி வந்தார். பாம்பு பென்சில் தடிமன்தான் இருக்கும். சாம்பல் உடம்பில் செங்கல் நிறத்தில் திட்டுகள். கார்ன் ஸ்நேக் என்று பெயர், விஷம் கிடையாது. அவள் அதற்கு ஃபிசெல் என்று பெயர் வைத்திருந்தாள். சணல் கயிறு என்று அர்த்தமாம்.

"இது ரொம்பப் பயந்த குட்டி, மிசியே" என்றாள் அண்ணாச்சியிடம். மிசியே என்றால் ஐயா. "வாங்கின புதுசுல என்னைக் கடிச்சிட்டே இருந்தது. கோடை முழுக்கப் பக்கத்துல உக்காந்து உக்காந்துதான் இப்போ கைக்கு வருது. புது வீட்டுல மறுபடியும் பயப்படும். ஒரு பத்து நாள் யாரும் தொடக்கூடாது. இந்த அட்டைப்பெட்டிக்குள்ள ஒளிஞ்சுக்கும், அதை எடுத்துடாதீங்க. மேலேயிருந்து கையை விட்டா பருந்துன்னு நினைச்சுக்கும். தண்ணி எப்பவும் இருக்கணும். அப்புறம் வாரத்துக்கு ஒரு எலிக்குஞ்சு."

எலிக்குஞ்சு என்றதும் அண்ணாச்சி முகம் ஒரு மாதிரி ஆனது. நான் பார்த்தேன். ஆனால் உடனே சமாளித்துக்கொண்டு, அந்தப் பெண்ணின் தலையில் தட்டி, "எங்களுக்குச் சொல்லணுமா? சங்கரன்கோவில்ல பொறந்தவங்கம்மா நாங்க" என்றார். பிள்ளை எவ்வளவு நிம்மதியாகச் சிரித்தது தெரியுமா! அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

அவர்கள் போனதும் மதினி தொட்டிக்கு முன்னால் கோலம் போட்டாள். வெள்ளிக்கிழமை வேறு. முட்டை ஓடுகூட உள்ளே வராத வீடு அது. "இதுக்குச் சாப்பாடு என்னங்க?" என்று கேட்டவளிடம், குளிர்காலத்தில் பாம்பு சாப்பிடாது, பால் மட்டும் போதும் என்று சொல்லியிருக்கிறார். தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிட்டு எவர்சில்வர் கிண்ணத்தில் பால் வைத்தார்கள். எனக்குத் தெரிந்தபோது, "அண்ணாச்சி, பாம்பு பால் குடிக்காது" என்றேன்.

"டாக்டரம்மா, நீங்க விருதுநகர். உங்களுக்கு எண்ணெய் விலை தெரியும். பாம்பை எங்கிட்ட விடுங்க" என்றார்.

"அந்தப் பொண்ணு எலின்னுதானே சொன்னா?"

"பாத்துக்கலாம், பாத்துக்கலாம்." அவ்வளவுதான் பதில்.

அதோடு விட்டாரா? ஊரிலுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை தரிசனம்! புறநகர் கர்க்லாண்டிலிருந்து பேராசிரியர் அனந்தராமன் குடும்பத்தோடு காரில் வந்தார். புட்டும் பூவும் கற்பூரமுமாக ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்குப் பாம்பு தெரியவில்லை, அது அட்டைப்பெட்டிக்குள் சுருண்டு கிடந்தது. இவ்வளவு தூரம் வந்தவர்கள் ஏமாந்து போகலாமா? அண்ணாச்சி அந்தப் பெட்டியை எடுத்து வெளியே வைத்தார். திரும்ப வைக்கவே இல்லை.

ஒளிய இடமில்லாமல் அந்தக் குட்டி தொட்டியின் மூலையில் ஒண்டியதாம், பிறகு மதினி சொன்னாள். குழந்தைகள் கண்ணாடியைத் தட்டின. மணி அடித்தார்கள். மேல்மூடியைத் திறந்து ஒரு மாமி குங்குமத்தைத் தூவினாள். அது கழுத்தை வளைத்து நின்று, வாலைப் படபடவென்று அடியில் விரித்த காகிதத்தில் அடித்து, கண்ணாடியில் போய்ப் போய் மோதியது. மூக்கு நுனி தோல் உரிந்து சிவந்துவிட்டது. "பாருங்க, படம் எடுக்குது, படம் எடுக்குது" என்றார் யாரோ. படமாவது எடுப்பதாவது! உயிர்ப்பயம் அது.

கூட்டம் அப்படியே வாரா வாரம் வந்திருக்கும். ஆனால் அன்றே வந்த ஒருவர், "நீங்க கையில எடுப்பீங்களாமே அண்ணாச்சி?" என்று கேட்டுத் தொலைத்தார். அண்ணாச்சிக்கு வேர்த்திருக்க வேண்டும். இருந்தாலும் வாயைக் கொடுத்தாயிற்றே. நேரே மேலேயிருந்து கையை விட்டார். அடுத்த நொடி, "ஐயோ அம்மா!" என்று கத்திக்கொண்டு பின்னால் சாய்ந்து, பால் கிண்ணத்தைக் கவிழ்த்து, பூஜைத் தட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

என்னைக் கீழேயிருந்து கூட்டிப் போனார்கள். விரலில் குண்டூசி குத்தின மாதிரி நாலு புள்ளி. அவ்வளவுதான். நான் சோப்புப் போட்டுக் கழுவி விட்டேன். ஆனால் கூடத்தில் இருந்தவர்கள் ஒருவர் காதை ஒருவர் கடித்தார்கள். "சாமி குத்தம்" என்றாள் ஒருத்தி, அவர் காதில் விழும்படியாகவே. எல்லாரும் செருப்பை மாட்டிக்கொண்டு, இல்லை, பனிபூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அண்ணாச்சி முகத்தில் ஈயாடவில்லை. தரிசனம் அன்றோடு நின்றது.

நின்றது நல்லதுதானே என்று நினைப்பீர்கள். இல்லை. அதற்குப் பிறகு அவர் அந்தத் தொட்டிப் பக்கமே போகவில்லை. மதினி மட்டும் மூடியின் ஓரத்தைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு பாலை மாற்றுவாள்.

மிரேய் சித்தி வீட்டிலிருந்து போன் செய்வாள். நான் ஒருதரம் அங்கே இருந்தேன். "சாப்பிட்டுச்சா மிசியே?" என்று கேட்டிருக்கிறாள் போலும். "ஆகா, நல்லா சாப்பிடுது" என்றார். "எலிதானே?" "எலிதான், எலிதான்." ஆபீஸில் கூட்டல் கழித்தல் தப்பினால் ராத்தூக்கம் போகிற மனிதர், இதைக் கண்ணிமைக்காமல் சொன்னார். இன்னொரு நாள் சட்டை உரித்ததா என்று கேட்டாளாம். அதற்கும் ஆமாம். "அப்போ அந்தச் சட்டையை எனக்கு எடுத்து வையுங்க. இதுக்கு முந்தினதெல்லாம் சேர்த்து வச்சிருக்கேன்" என்றாளாம். அதற்கும் சரி என்றிருக்கிறார்.

அதை அவரே என்னிடம் வந்து சொன்னபோதுதான் நான் மேலே போய்த் தொட்டியைப் பார்த்தேன். புளித்த பால் நாற்றம். விளக்கு அணைந்து எத்தனை நாளோ. பாம்பின் உடம்பு இரண்டு பக்கமும் ஒட்டி, முதுகெலும்பு கோடாகத் தூக்கி நின்றது. நான் கிட்டே போனதும் அந்த நிலையிலும் கழுத்தை வளைத்து வாலை அடித்தது. எனக்கு வந்ததே கோபம்!

"நீங்க என்ன மனுஷன் அண்ணாச்சி? பச்சப்புள்ள நம்பிக் குடுத்துட்டுப் போயிருக்கு. பட்டினி போட்டுக் கொல்றீங்களே!"

"எலியை எப்படி டாக்டரம்மா இந்த வீட்டுக்குள்ள... கோமதி சம்மதிக்க மாட்டா" என்று முனகினார்.

மதினி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். "யாரு, நானா? எங்கிட்ட எப்பக் கேட்டீங்க?"

அவர் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"குளிர்காலத்துல சாப்பிடாதுன்னு சொன்னது யாரு? புத்துல பால் ஊத்துறது நம்ம மனசுக்கு. அது வயித்துக்கு இல்லன்னு எனக்குத் தெரியாதா? சங்கரன்கோவில்ல நானும்தான் பொறந்தேன். வீட்டுக்கு வந்த உசிருக்கு அதோட சாப்பாட்டப் போடாம, என் தலையில பழியப் போடுறீங்க. பயந்தது நீங்க!" "நான் தினம் கும்பிட்டது பசியில துடிச்சிக்கிட்டிருந்ததயா?" அழுதுவிட்டாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டாள் என்பார்களே, அன்று கண்ணால் பார்த்தேன். அந்த மனிதர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

எங்கள் வீட்டில் கறி மீன் எல்லாம் உண்டு என்பதால் தொட்டியை என் வீட்டுக்கு இறக்கினோம். அந்தப் பெண் சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. அட்டைப்பெட்டியை உள்ளே வைத்தோம். விளக்கை ஒரு பக்கமாகப் பொருத்தினோம். தண்ணீர் வைத்தோம். கண்ணாடியைச் சுற்றித் துண்டு போட்டு மூடிவிட்டு, யாரும் கிட்டே போகாமல் விட்டோம். எலிக்குஞ்சு நீங்கள்தான் வாங்கவேண்டும் என்று அண்ணாச்சியிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். போனார். பிராணிகள் விற்கிற கடை வாசலில் பனியில் நின்று, உள்ளே போகாமல் திரும்பி வந்து, மறுபடி போய், கடைசியில் ஒரு காகிதப் பையைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்தபடி வந்தார். இடுக்கியால் அதைப் பெட்டி வாசலில் வைத்தபோது அவர் உதடு ஏதோ தேவாரம் முணுமுணுத்தது. பிறகு மேலே போய்த் தலைக்குக் குளித்தார்.

முதல்முறை அது தொடவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. அண்ணாச்சி வேலை முடிந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் என் கதவைத் தட்டி, "சாப்பிட்டுச்சா?" என்பார். இல்லை என்றால் அப்படியே படியேறிப் போய்விடுவார். மேலே மதினி அவரிடம் பேச்சை நிறுத்தியிருந்தாள். அடுத்த முறை துண்டை விலக்கிப் பார்த்தால் குஞ்சைக் காணோம், பாம்பின் நடுவில் சின்னதாக ஒரு மேடு. நான் சொன்னதும் அவர் என் வீட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கொஞ்ச நாளில் சட்டையும் உரித்தது. முழுசாக இல்லை, அங்கங்கே ஒட்டி, பிய்ந்து, துண்டு துண்டாக. அதைப் பொறுக்கி ஒரு மரச் சிமிழில் போட்டு வைத்தார். "நான் போன்ல சொன்னது நிஜமாயிருச்சு டாக்டரம்மா" என்றார். அவர் முகத்தில் வந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் நடந்ததைச் சொல்லுங்கள் என்றேன். "பிழைச்சிருச்சுல்ல, இனிமே எதுக்கு அதப் போய்ச் சொல்லிக்கிட்டு" என்றார்.

ஈஸ்டருக்கு லுசியான் திரும்பி வந்தார். மகளோடு என் வீட்டுக்கு வந்தார்கள். மேலே குளிர் அதிகம் என்று கீழே வைத்திருப்பதாக அண்ணாச்சி அதற்கும் ஒரு காரணம் சொல்லியிருந்தார். மதினியும் இறங்கி வந்து கதவோரம் நின்றாள்.

மிரேய் உள்ளே வந்ததும் அண்ணாச்சி சிமிழை நீட்டினார். "நீ கேட்டியே, பத்திரமா வச்சிருக்கேன்."

அவள் ஆசையாகத் திறந்தாள். உள்ளே இருந்த துணுக்குகளை விரலால் நகர்த்திப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது: நன்றாக இருக்கிற பாம்பு சட்டையைக் காலுறை கழற்றின மாதிரி ஒரே துண்டாகக் கழற்றும். தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடந்தால்தான் இப்படிப் பிய்ந்துபோகும். அவளுக்கு அது தெரியும். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். சிமிழை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

தொட்டிப் பக்கம் போய் மண்டியிட்டாள். துண்டை மெதுவாக விலக்கினாள். பாம்பின் மூக்கில் இருந்த தழும்பைப் பார்த்தாள். கையைப் பக்கவாட்டில், தரையோடு தரையாக, அப்படி நிதானமாக உள்ளே கொண்டுபோனாள். "ஃபிசெல்" என்றாள். அது பெட்டிக்குள்ளிருந்து கழுத்தை வளைத்தது. வாலைப் படபடத்தது. சடாரென்று அவள் விரலைக் கடித்தது.

"என்ன ஆச்சு?" லுசியான் குனிந்தார். "உன்னை அது கடிக்கிறதில்லையே?"

விரலில் ரத்தம் முத்து முத்தாக வந்தது. அவள் அதை வாயில் வைத்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. "என் கைல சித்தி வீட்டு நாய் வாசனை இருக்கும்" என்றாள். "அதான் பயந்துடுச்சு. மிசியே அப்பன் ரொம்ப நல்லா பாத்துக்கிட்டார், பப்பா."

லுசியான் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நான் ஆபீஸில் எல்லாரிடமும் சொன்னேன், இந்தியனிடம் கொடுத்திருக்கிறேன், கவலையே இல்லை என்று!"

அண்ணாச்சி கையை உருவிக்கொண்டார். "லுசியான், எனக்குப் பாம்பைப் பத்தி ஒண்ணும் தெரியாது" என்றார்.

லுசியான் சிரித்தார். "இந்த இந்தியர்களின் அடக்கம் இருக்கிறதே!"

"அடக்கம் இல்ல. நான் இதுக்கு முன்னால பாம்பத் தொட்டதே இல்ல. பால் வச்சேன். அந்தப் பெட்டிய எடுத்துட்டேன். பட்டினி போட்டேன். போன்ல சொன்னதெல்லாம் பொய்." இங்கிலீஷும் பாதிப் பிரெஞ்சுமாகக் குளறினார். லுசியானின் சிரிப்பு பாதியில் நின்றது. மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும் மிசியே" என்றாள் மெல்ல. "கார் ஹீட்டர் ஓடிட்டிருக்கு. இதைச் சீக்கிரம் கொண்டுபோகணும்."

துணிப்பையைத் தொட்டியில் விரித்து, பெட்டியோடு பாம்பை அதற்குள் நகர்த்தி, கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். மதினியைப் பார்த்து நன்றிக்கு மெர்சி சொன்னாள், எனக்கும் சொன்னாள். அண்ணாச்சி பக்கம் திரும்பினாள், அவருக்கும் சொன்னாள். தொட்டியைத் தூக்கிக்கொண்டு லுசியான் பின்னால் போனார். வாசல் படியில் அவர்கள் இறங்கும் சத்தம் கேட்டது.

அண்ணாச்சி நின்ற இடத்திலேயே நின்றார். உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை. "வாங்க, மேல போவோம்" என்று மதினி அவர் கையைத் தொட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய பேச்சு அதுதான். அவர் அவளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"நான் பேசின பொய்யெல்லாம் போகட்டும் கோமதி" என்றார். "அந்தப் பிள்ள, ரத்தம் வழியிற விரல வாயில வச்சுக்கிட்டு, எனக்காகப் பொய் சொல்லிச்சு. பதினோரு வயசுப் பிள்ளையப் பொய் சொல்ல வச்சுட்டேனே."